ராசாவாகிப் போன அரிவாள்

அந்தக் காலத்தில் ஆடும் மாடும் மட்டுமல்ல, அடுப்படியில் கிடந்த அரிவாளும் பேசும், கூடையில் கிடந்த பூசணிக்காயும் பேசும். சமைக்கிறவர்களுக்குத்தான் பேச நேரம் இருக்காது. அப்போது அரிவாளுக்கு ஒரு மரப்பிடி உண்டு. காய் சும்மா கிடக்கும். அரிவாள்தான் அதைத் தேடிப் போய் வெட்ட வேண்டும்.

ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். ஒரு மழைக்காலக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவள் மணிக்கட்டில் வலு இல்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குடத்தைத் தூக்க முடியாவிட்டால் செம்பு செம்பாகத் தண்ணீர் மொண்டுகொள்வாள். சோற்றுப் பானையைத் தூக்காமல், கட்டையை முட்டுக் கொடுத்துச் சாய்த்தே கஞ்சி வடித்துவிடுவாள். துணி பிழிய வேண்டுமென்றால் தூணில் சுற்றி, உடம்போடு சாய்ந்து இழுப்பாள். அரிவாளிடம் மட்டும் அவள் சாமர்த்தியம் பலிக்கவில்லை.

"இறுக்கிப் பிடி! நான் என்ன மயிலிறகா? வயல் வயலா நெல்லு அறுத்த வம்சம்" என்று அது முறுக்கிக்கொள்ளும்.

அவள் மகளுக்குக் காது குத்து வந்தது. முதல் நாளே கணவனின் அக்காள் இசக்கி மூட்டையோடு வந்து இறங்கினாள். மூட்டையில் சேலைக்கு மேலே அவளுடைய சொந்தக் கரண்டி செருகியிருந்தது. அது அடுப்படியைப் பிடிக்க வந்த கரண்டி என்று பார்த்ததுமே ஆவுடைக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டி ஆவுடை, இந்தக் கையை வச்சுக்கிட்டா ஊருக்கே பொங்கப்போற? நான் ஆத்துல குளிச்சிட்டு வாரேன். அதுக்குள்ள அந்தப் பூசணிக்காயை நறுக்கிட்டேன்னா சரி. இல்லேன்னா இனிமே இந்த அடுப்படியை நான் பாத்துக்கிடுதேன். நீ பேசாம உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்து சாப்பிடு என்றால் வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆவுடைக்கு அழுகை வந்தது. தன் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுவோமே என்று பயந்தாள். குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிற அந்த ஒரு நொடியை அவளால் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது.

அரிவாளை எடுத்துப் பூசணியில் வைத்து அழுத்தினாள்.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிச் சொறி தாயி, அங்கனதான் அரிக்குது" என்றது பூசணி.

அரிவாளுக்கு மானம் போய்விட்டது. "இவ கையில நான் இருக்க மாட்டேன்" என்று ஒரு துள்ளுத் துள்ளியது. ஆவுடையின் கை நழுவியது. பிடி கழன்று அடுப்புக்கு அந்தப் பக்கம் ஓடியது. அரிவாள் தலைகீழாக விழுந்து, அவள் உட்காரும் மணைப்பலகையின் வெடிப்பில், பிடிக்குள் இருந்த வால் இறங்கி, விறைப்பாக நின்றது.

"என்னை எடு!" என்று கத்தியது அரிவாள்.

"எடுக்கிறதுக்குத்தான் வலு இல்லையே" என்றாள் ஆவுடை. அவளும் இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. இதைக்கூடப் பிடுங்க முடியவில்லையே என்று நொந்தபடி பலகையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நிற்கிற அரிவாளைப் பார்த்தாள். கிடக்கிற பூசணியைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள்.

"ஏ அரிவாளு, இருக்கிற இடத்தைவிட்டு நகராதவர் யாரு?"

"யாரு?"

"ராசா. அவர் யாரையும் தேடிப் போவாரா? எல்லாரும் அவரைத் தேடில்லா வரணும்! நீ நின்ன இடத்துலயே நில்லு. காயெல்லாம் உன்கிட்ட வரும்."

அரிவாள் யோசித்தது. "அப்ப எனக்குக் கிரீடம் வேணும். சபை கலைஞ்சதும் படுக்கையும் வேணும்."

"ரெண்டும் உண்டு" என்று சொல்லிப் பலகையை ஒரு காலால் மிதித்துக்கொண்டாள் ஆவுடை.

"என் சிம்மாசனத்துல காலை வைக்கியே!"

"ஆடாம தாங்கிப் பிடிக்கேன், ராசாவே."

பூசணியை அரிவாளின் வாயில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் உடம்பின் பாரத்தோடு சாய்ந்து தள்ளினாள். பிடிக்க வேண்டியதே இல்லை, தள்ளினால் போதும். "சொறி" என்று வாயைத் திறந்த பூசணி இரண்டாகப் பிளந்தது. பிறகு பாதி கால்வாசியாகி, கால்வாசி துண்டு துண்டாகித் தட்டில் விழுந்தது.

ஈரத் தலையோடு வந்த இசக்கி தட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். தன் கரண்டியை எடுத்து மூட்டைக்குள் சேலைக்கு அடியில் செருகினாள்.

"என்ன மதினி, கரண்டியை உள்ள வைக்கீங்க?"

"குழம்பு ஊத்தும்போது எனக்கு ரெண்டு துண்டு கூடப் போடுட்டி" என்றாள் இசக்கி.

சொன்ன சொல் தவறாத ஆவுடை, அன்றைக்கே கொல்லரிடம் சொல்லி அரிவாளின் உச்சியில் வட்டமாகப் பல் வைத்த கிரீடம் ஒன்றை அடித்து வாங்கிப் பொருத்தினாள். மறுநாள் விருந்துக்குத் தேங்காய் மூடியை அதன் மேல் வைத்துத் தேய்த்தாள்.

"என் கிரீடத்துல என்ன பண்ணுத?"

"பட்டாபிஷேகம், ராசாவே" என்றாள் ஆவுடை. தேங்காய்ப்பூ வெள்ளைவெளேரென்று உதிர, அரிவாள் பெருமையாகக் கண்ணை மூடிக்கொண்டது. ராசாவான பிறகு அது நம்மைப் போன்றவர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டது.

அன்று முதல்தான் நம் அடுப்படியில் அரிவாள்மணை நின்ற இடத்தில் நிற்கிறது, காய் அதைத் தேடிப் போகிறது. வேலை முடிந்ததும் அதை நிற்கவிடாமல் படுக்க வைக்கிறோம். அதன் தலையில் இருப்பது தேங்காய் துருவுகிற பல் என்பதை மட்டும் இன்றுவரை யாரும் அதனிடம் சொல்லவில்லை.