காய்ந்த கூழ்

"ஒண்ணு நான் இருக்கணும், இல்லன்னா அந்த டீச்சர் இருக்கணும். நீங்களே சொல்லிடுங்க மேடம்."

ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் நின்றபடியே சொன்னாள் ஆராய்ச்சி மாணவி தமயந்தி. உள்ளே வரக்கூட அவளுக்கு மனமில்லை.

பேராசிரியர் கதீஜா நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளே வந்து பேசு. டீச்சர் என்ன செஞ்சாங்க?"

"என் கூழைக் காய வெச்சிட்டாங்க."

அது குடிக்கிற கூழ் இல்லை. வாழைமட்டை நாரை வேகவைத்து, வெளுத்து, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசாகும்வரை அரைத்து எடுத்தது. தொட்டால் நுங்கு மாதிரி வழுக்கும். அதோடு கார்பன் நானோ குழாய் என்கிற கரும்பொடியைக் கலக்க வேண்டும். அந்தப் பொடிக்கு ஒரு கெட்ட குணம். வெறும் தண்ணீரில் போட்டால் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். நார் நடுவே புகுந்தால்தான் விலகி நிற்கும். அப்படி நின்ற கலவையை வடிகட்டித் தாளாக எடுத்தால், அந்தத் தாள் மின்சாரத்தைப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும்.

ஜெபமணி டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளெல்லாம் வளர்ந்தபிறகு தமயந்தியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய வந்தவர். தமயந்தி கல்யாண வீட்டுக்குப் போயிருந்த அன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஃப்ரிட்ஜுக்குள் கூழ் கெட்டுப்போகுமோ என்று டீச்சருக்கு ஒரே பதைப்பு. கரண்ட் வந்ததும் வராததுமாக, தட்டில் பரப்பி, சூட்டடுப்பில் வைத்து, மொறுமொறுவென்று காயவைத்துவிட்டார்.

"ஏன் இப்படின்னு கேட்டா, கூழ்வத்தல் மாதிரிதானேம்மா, தண்ணி ஊத்தினா பழையபடி ஆயிடும்ங்கறாங்க. கூழ்வத்தலாம்!"

கதீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த வத்தல் எங்கே?"

"குப்பையில போடத்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

"போடாதே. கரைச்சுக் கொண்டு வா."

"கரையாது மேடம்."

"கொண்டு வா."

தமயந்தி ஊறவைத்தாள். வெந்நீர் ஊற்றினாள். கலக்கியில் போட்டுச் சுற்றவிட்டாள். கரும்பொடியையும் சேர்த்துப் பார்த்தாள். மேடத்தின்மேல் வந்த கோபத்தையும் சேர்த்துக் கலக்கினாள்.

சாயங்காலம் கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். செதில்கள் செதில்களாகவே மிதந்தன. பொடி அடியில் கரியாகக் கிடந்தது. நடுவில் வெறும் தண்ணீர்.

"பார்த்தீங்களா?"

"ஏன் கரையல?"

"காயும்போது நாரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கிச்சு. ஈரம் இருக்கறப்பவே செய்யணும். விட்டுட்டா அவ்வளவுதான்."

கதீஜா குவளையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர் மத்தியானம் வந்தாங்க. இனிமே வரல, எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுன்னு சொல்லிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாங்க. உங்கிட்ட சொன்னாங்களா?"

தமயந்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கிட்ட எப்படிச் சொல்வாங்க? அன்னையிலேர்ந்து நான்தான் முகம் கொடுத்துப் பேசலையே."

"எப்பப் பேசுவே?"

"இப்ப வேணாம் மேடம். கொஞ்சம் ஆறட்டும்."

கதீஜா காதருகே கையைக் குவித்தார்.

"என்ன சொன்னே? சரியா காதுல விழல. ஆறட்டும்னியா, காயட்டும்னியா?"

தமயந்தி குவளையைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள்.

போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஓடினாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் டீச்சர், மடியில் பையை அணைத்தபடி. முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர்!"

டீச்சர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏம்மா, எதையாவது மறந்து வெச்சிட்டேனா?"

தமயந்தி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுபடி முதல்லேர்ந்து அரைக்கணும் டீச்சர். தனியா என்னால முடியாது."

"நான் திரும்பவும் எதையாவது கெடுத்து வெச்சிட்டா?"

"வெச்சா நான் கத்துவேன். நீங்களும் கத்துங்க. பேசாம மட்டும் இருக்க வேணாம்."

டீச்சர் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊதினார். "யம்மா, இறங்கறதுன்னா இறங்குங்க. உங்க பஞ்சாயத்துக்கு வண்டி நிக்காது!"

டீச்சர் ஜன்னல் வழியாகப் பையை வெளியே நீட்டினார்.

"பிடி."