அறை வைத்த படகும் திறந்த படகும்

வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. பிலோமினா அங்கே பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்தார். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டுக் கரையேறியவர். வயது நாற்பதைச் சுற்றித்தான் இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் கற்றவர்களில் வயதில் மூத்தவர் குஞ்சிதபாதம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து எழுந்தவர். இடது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதற்குக் கொஞ்சம் யோசிக்கும். கைக்குப் பயிற்சியாகக் கயிறு இழுக்கலாம் என்று வந்தவர், கரையை விட்டுப் போக மனமில்லாமல் சீடராகிவிட்டார்.

அந்தத் தை மாதம் கொட்டகைக்கு இரண்டு படகுகள் விற்பனைக்கு வந்தன. இரண்டையும் டிரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாம். பிடித்த இடத்தில் தண்ணீரில் இறக்கி, நாலு நாள் சுற்றி, திரும்ப ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

ஒன்று அறை வைத்த படகு. அடியில் ஈயம் வார்த்த கனமான தண்டு இருந்தது. காற்று எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, சின்ன அடுப்பு, கதவு போட்ட கழிப்பறை. மற்றது திறந்த படகு. லேசானது. தண்ணீருக்குள் நீளும் அடிப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரில் போகும், மணலில் ஏறி உட்காரும். படுக்க வேண்டுமென்றால் மேலே கூடாரத் துணி கட்டிக்கொள்ள வேண்டும்.

குஞ்சிதபாதம் ஒரு வாரமாக இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். குனிந்து அடிப்பக்கம் பார்த்தார். கடைசியில் டீச்சர் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர், எதை எடுக்கறது?"

பிலோமினா பாயில் ஒரு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். "எங்க போறதுக்கு?"

"முதல்ல முத்துப்பேட்டை. அப்புறம் பழவேற்காடு. அப்புறம் கால் போன போக்கு."

"யார் யாரு?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"அவங்க வர்றேன்னாங்களா?"

குஞ்சிதபாதம் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். "அதுதான் டீச்சர் விஷயமே. நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேங்கறா. தண்ணின்னா பயம்னு நினைக்கறேன்."

"பயம்னு அவங்க சொன்னாங்களா?"

"சொல்லல. வேற என்ன இருக்க முடியும்?"

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த கிழிசலைத் தேடினார். குஞ்சிதபாதத்துக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ரெண்டு வருஷம் டீச்சர். என்னைப் புரட்டிப் போட்டது, துடைச்சு விட்டது, ஸ்பூன்ல ஊட்டினது எல்லாம் அவதான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. அதுக்கு நான் ஏதாவது செய்ய வேண்டாமா? அவ ஒரு கயிறக்கூடத் தொடக் கூடாது. உள்ள மெத்தையில உக்காந்து, ஜன்னல் வழியா கடலப் பாத்துட்டு வரணும். மகாராணி மாதிரி."

"அப்ப அறை வெச்சதுதானே? என்கிட்ட ஏன் கேக்கறீங்க?"

"ஓட்டறதுக்கு எனக்குத் திறந்ததுதான் பிடிக்குது. என் ஆசைக்காக அதை வாங்கி, அவ வராமலே போயிட்டா? அவ வராத படகு எனக்கு எதுக்கு?"

மின்வாரியத்தில் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டு. யாரும் எதையும் தொடாதீங்க. அந்த வாக்கியத்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அதனாலேயே அதன் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

"நாளைக்குக் காலையில அவங்களக் கூட்டிட்டு வாங்க," என்றார் டீச்சர். "சும்மா பாத்துட்டு வரலாம்னு சொல்லுங்க. அறை வெச்சதையே இறக்குவோம்."

மறுநாள் அவர் மனைவி தையல்நாயகி தூக்குச்சட்டியில் புளியோதரையோடு வந்தாள். டீச்சர் கொடுத்த மிதவைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டுக்கொண்டு, தன்னையே ஒரு தடவை குனிந்து பார்த்துச் சிரித்தாள். படகு தண்ணீரில் இறங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. குஞ்சிதபாதம் பழக்கத்தில் சுக்கான் பக்கம் போனார்.

"சார், நீங்க உள்ள போங்க," என்றார் டீச்சர்.

"உள்ளேர்ந்து எதை எடுக்கணும்?"

"எதையும் எடுக்க வேணாம். மெத்தையில உக்காருங்க. இன்னிக்கு நீங்கதான் பயணி."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்."

"எனக்குத் தெரியும்ல? போங்க."

குருவின் சொல். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். முதுகுக்குப் பின்னால் பலகைக் கதவு மூடிக்கொண்டது.

மெத்தை நன்றாகத்தான் இருந்தது. உள்ளங்கை அகல ஜன்னலில் ஒரு தடவை தண்ணீர் தெரிந்தது, ஒரு தடவை வானம் தெரிந்தது. தலைக்கு மேலே காலடிகள். ஒரு கயிறு இழுபட்டது. டீச்சர் ஏதோ சொன்னார். தையல்நாயகி ஏதோ கேட்டாள். பிறகு தண்ணீரின் சத்தம் மட்டும்.

திடீரென்று படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எத்தனையோ முறை அவரே ஆசையாகச் சாய்த்து ஓட்டியிருக்கிறார். ஆனால் வெளியே இருக்கும்போது, தண்ணீர் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தே காற்று வருவது தெரிந்துவிடும். இங்கே ஒன்றும் தெரியவில்லை. அவர் கதவைத் தட்டினார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க," தையல்நாயகியின் குரல். "நீங்க படுங்க."

"சாயுதே!"

"நாங்க பாத்துக்கறோம். படுங்க."

குஞ்சிதபாதம் படுத்தார்.

இந்தக் குரல் அவருக்குத் தெரியும். அந்த இரண்டு வருஷமும் தினமும் கேட்ட குரல். வாசலில் மணி அடிக்கும். யாரோ பேசுவார்கள். அடுக்களையில் ஏதோ விழும். யாரு, என்ன என்று குழறிக் கேட்பார். ஒண்ணுமில்லீங்க, நீங்க படுங்க. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. கஷ்டமே அதுதான்.

பிறகு ஒரு நாள் வந்தது. தையல்நாயகி ஒரு தட்டு நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "உரிச்சுத் தாங்க, நேரமாயிருச்சு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவர் ஒரு கையால் உரித்தார். ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. சாம்பார் அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் என்றார். அவளும், ஆமா, ரொம்பக் காரமான வெங்காயம் என்றாள்.

புரட்டிப் போட்டதையும் துடைத்ததையும் ஊட்டியதையும் எண்ணி எண்ணிப் பார்த்தவர், அந்தத் தட்டை ஏன் ஒரு தடவைகூட நினைக்கவில்லை?

மேலே யாரோ சிரித்தார்கள். வயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. டீச்சர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை. குஞ்சிதபாதம் எழுந்து உட்கார்ந்தார். கதவு அரை அடி திறந்தது. தூக்குச்சட்டி மூடியில் புளியோதரை உள்ளே வந்தது. அதைப் பிடித்திருந்த உள்ளங்கை சிவந்திருந்தது.

"சாப்பிடுங்க," என்றாள். கதவு மூடிக்கொண்டது.

கரைக்குத் திரும்பியதும் அவர் வெளியே வந்து, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். டீச்சர் தண்ணீர் கொடுத்தார். தையல்நாயகி முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"உள்ளங்கை ஏன் இப்படி இருக்கு?"

"எரியுது," என்றாள் சந்தோஷமாக. "இழுன்னாங்க, இழுத்தேன். விடுன்னாங்க, விட்டேன். ஒரு தடவை விடாம பிடிச்சுக்கிட்டேன், படகு அப்படியே படுத்துருச்சு. டீச்சர் திட்டிட்டாங்க."

"திட்டினாங்களா?"

"நல்லா. கண்ண எங்க வெச்சிருக்கீங்கன்னு." ஏதோ பரிசு வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "என்னை ஒருத்தர் வேலை சொல்லித் திட்டி எத்தனை வருஷமாச்சு!"

குஞ்சிதபாதம் வாயைத் துடைத்துக்கொண்டார். "புரிஞ்சுது டீச்சர். அறை வேணாம். திறந்ததையே எடுத்துக்கறேன்."

டீச்சர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பதில் தையல்நாயகியிடமிருந்து வந்தது.

"ஏங்க? எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"இதுவா?"

"பின்ன? கதவு போட்ட பாத்ரூம் இருக்கு. உங்களுக்கென்ன, நீங்க எங்க வேணாலும் திரும்பி நின்னுக்குவீங்க."

டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"உள்ள உக்காந்தா குடலப் பிரட்டுது நாயகி."

"அப்ப என்னை மட்டும் ஏன் உக்காரச் சொன்னீங்க? வீட்ல எத்தனை தடவை சொன்னீங்க. உள்ள மெத்தை இருக்கு, நீ எதையும் தொட வேணாம், எதையும் தொட வேணாம்னு. எதையும் தொடாம உக்கார எனக்கு நம்ம வீட்டுச் சோபா போதாதா? அதான் வரலன்னேன்."

"பயம்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

அவர் படகைப் பார்த்தார். அதன் பாயைப் பார்த்தார். "இப்ப?"

"இப்ப வர்றேன். கயிறு என் கையில இருக்கணும். மழை வந்தா உள்ள போவேன். தூக்கம் வந்தா போவேன். நீங்க சொல்லிப் போக மாட்டேன்."

கடல் ஏற்றம் இறங்கி, ஆற்றில் தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. கனமான படகு, தாமதித்தால் அடித்தண்டு சேற்றில் உட்கார்ந்துவிடும். டிரெய்லரைச் சரிவில் பின்னுக்குத் தள்ளித் தண்ணீருக்குள் இறக்கி, படகை அதன்மேல் ஏற்ற வேண்டும். குஞ்சிதபாதம் கார்ச் சாவியை எடுத்தார். டீச்சர் கையை நீட்டி அதை வாங்கித் தையல்நாயகியிடம் கொடுத்தார்.

அவள் கார் ஓட்டக் கற்றதே அவருக்காகத்தான். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் பாதி நாள் அவரைப் பின் சீட்டில் சாய்த்து ஓட்டிப் போனாள். அவர் தேறி எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் இடதுபக்கச் சீட்டுக்குப் போய்விட்டாள். அவரும் கவனிக்கவில்லை.

"டிரெய்லரப் பின்னால தள்ளினதே இல்லையே அவ!"

"நீங்க முதல் தடவை தள்ளினப்ப என் வேலியச் சாச்சீங்க சார்," என்றார் டீச்சர். "போய்த் தண்ணியில நில்லுங்க."

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் மூக்குக் கயிற்றை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே கார் உறுமியது. டிரெய்லர் கோணலாகத் திரும்பியது. நின்றது. முன்னால் போனது. மறுபடியும் மெல்லப் பின்னால் வந்தது. கதவைத் திறந்து இறங்கி ஓடிவந்து சாவியை நீட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் இறங்கவில்லை. மறுபடியும் முன்னால் போனாள்.

குஞ்சிதபாதம் கரையில் நின்ற குருவைப் பார்த்துக் கேட்டார். இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து கேட்க நினைத்த கேள்வி அது.

"டீச்சர், இவளுக்கு நான் எப்படித்தான் நன்றி சொல்றது?"

"வலமா இடமான்னு கை காட்டுங்க சார்," என்றார் பிலோமினா. "கண்ணாடியில அவங்க உங்களத்தான் பாத்துட்டிருக்காங்க."