மூன்று புள்ளி வைத்த எஞ்சின்

சங்ககிரி பைபாஸில் போய்ப் பாவாயி மேஸ்திரி எப்படி என்று கேட்டுப் பாருங்கள். யாரும் முதலில் வேலையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். "அந்தம்மாவுக்குக் கர்வம் ஜாஸ்தி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஜாஸ்திதான், அதில் என்ன பொய்? லாரியின் ரேடியேட்டரிலும் எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியிலும் அவர் கை பட்டால், எந்த மலை ஏறினாலும் வண்டி கொதிக்காது. எஞ்சினின் தண்ணீர் வழியை அடைக்கத் தான் அடித்து இறக்கிய மூடி ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளி குத்தி வைப்பார். எதற்கு என்று கேட்டால், "பெத்த புள்ளைக்குப் பேரு வெக்கறதில்லையா?" என்பார்.

அவரிடம் தொழில் பழகியவர் அர்த்தநாரி. குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சிஷ்யருக்கு ஐம்பத்தாறு. முப்பது வருஷம் லாரி ஓட்டி, முட்டி தேய்ந்து, இனி கிளட்ச் மிதிக்க முடியாது என்று ஆனபின் ஸ்பேனர் பிடித்தவர். சிஷ்யர் குருவை மேஸ்திரி என்பார், குரு சிஷ்யரை அண்ணா என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்கள் ரெண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அன்று காலையில் வந்தவர் சென்னியப்பன், பன்னிரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். போன வருஷம் வேறொருவரிடம் வாங்கிய லாரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஆப்பிள் லோடு ஏற்ற இமாச்சலம் போன இடத்தில், எஞ்சினின் சுடுதண்ணீரைக் கேபின் ஹீட்டருக்குக் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் பிய்த்துக்கொண்டதாம். டிரைவர் பனியில் விறைத்துப்போய், ஹோஸை மடக்கிக் கட்டி, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஊர் வந்து சேர்ந்தாராம்.

போன மாசம் அந்த ஹோஸை மாற்றியவர் ஓமலூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் கிருபாகரன். அவன் கை வைத்துத்தான் வண்டியே பாழாய்ப் போனது என்று சென்னியப்பன் பொரிந்து தள்ளினார். லாரிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டாராம். பத்து நாளாக அந்தப் பட்டறை வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லையாம். சொல்லும்போது மனுஷனுக்கு அவ்வளவு திருப்தி.

கடைசியில், இதைச் சரிபண்ணிக் கொடுத்தால் பன்னிரண்டு வண்டியும் இனிமேல் இங்கேதான் என்றார். அர்த்தநாரி பக்கத்து ஷெட்டின் பூட்டைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வண்டி வந்தால் அந்த ஷெட்டையும் பிடித்து, அதற்கு அவரையே மேஸ்திரியாக உட்கார வைப்பதாகப் பாவாயி வாக்குக் கொடுத்திருந்தார். ரெண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தார் பாவம்.

சந்தோஷமாக ஹோஸைக் கழற்றினார். ரப்பர் புதுசு, அதில் ஒரு குறையும் இல்லை. அது மாட்டியிருந்த இரும்புக் குழாய்தான் துரு தின்று, விளிம்பு பிளேடு மாதிரியாகி, ரப்பரை அறுத்திருந்தது. எஞ்சின் தண்ணீரை வடிக்கும் அடித் திருகைத் திறந்தார். தண்ணீரா வந்தது? செம்மண் சேறு வந்தது. ஒரு மாசத்தில் பிடிக்கிற துரு இல்லை இது, வருஷக்கணக்கில் ஊறியது.

எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் துணியால் துடைத்தார். அதில் மூன்று புள்ளி இருந்தது.

அர்த்தநாரி சுற்றுமுற்றும் பார்த்தார். சென்னியப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தார். கீழே கிடந்த சேற்றைக் கட்டைவிரலில் தொட்டு, மூடியின் மேல் நன்றாக அப்பினார். வெட்கமாக இருந்தது. இருந்தும் அப்பினார்.

பாவாயி வந்து குனிந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த மூடியைப் புறங்கையால் துடைத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அர்த்தநாரியின் கட்டைவிரலைப் பார்த்தார். 

எழுந்து நேரே சென்னியப்பனிடம் போய், அந்தக் குரூப்பைத் திறந்து போனைக் கொடுக்கச் சொன்னார். எதற்கென்று தெரியாமலே அவரும் கொடுத்தார். பாவாயி பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சங்ககிரி பாவாயி பேசறனுங்க. சென்னியப்பண்ணன் வண்டியக் கெடுத்தது கிருபாகரன் இல்லைங்க. மூணு வருஷத்துக்கு முன்னால இந்த எஞ்சினை மூடுனது நானு. துருப் பிடிக்காம இருக்க ஊத்தற கூலன்ட் தீந்து போச்சுன்னு போர்த் தண்ணிய ஊத்தி அனுப்பிப்போட்டேன். பத்து நாள்ல வந்து மாத்திக்கச் சொன்னேன், பழைய ஓனர் வரலை, நானும் கூப்பிடலை. அந்த உப்புத் தண்ணிதான் உள்ளாற தின்னுருக்குது. கிருபாகரன் மாட்டுன ஹோஸு நல்ல ஹோஸுங்க."

சென்னியப்பன் முகம் சுருங்கிவிட்டது. போனை வாங்கி, போட்டதைக் கேட்டு, மறுபடியும் கேட்டார்.

அதன்பின் சாயங்காலம் வரைக்கும் வேலைதான். துருப்பிடித்த குழாயை அறுத்து எடுத்துப் புதுக் குழாய் வைத்தார்கள். எஞ்சினுக்குள் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசினார்கள். சிவப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கலங்கலாக வந்தது. போதும் என்று அர்த்தநாரிக்குத் தோன்றியபின்னும் பாவாயி தண்ணீர்க் குழாயை மூடவில்லை. வாளியின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்தபின்தான் கூலன்ட் ஊற்றி, ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார். கேபின் கதகதவென்று ஆனது.

சென்னியப்பன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்ற பதினோரு வண்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அர்த்தநாரி கை கழுவினார், துடைத்தார், உட்கார்ந்தார், எழுந்தார்.  பக்கத்து ஷெட்டின் பூட்டைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. இத்தனை நாளில் ஒரு தடவைகூடக் குருவிடம் குரல் உயர்த்தாதவர் அன்றைக்குக் கேட்டே விட்டார்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது மேஸ்திரி. கிருபாகரன் பேர்லயே போயிருக்கும். ஊரே உங்களைக் கர்வக்காரின்னு சொல்லுது. அந்தக் கர்வமெல்லாம் இன்னைக்கு எங்க போச்சு?"

பாவாயி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துத்தான் நிமிர்ந்தார்.

"எங்கயும் போகலீங்ணா," என்றார். "நான் செஞ்ச வேலை. அதை எப்படி இன்னொருத்தன் பேர்ல விடச் சொல்றீங்க?"