செங்குளத்து விதைக்களஞ்சியம்

முன்னொரு காலத்தில் வல்லபதேவன் என்ற ராஜா மருதநாட்டை ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அந்த நாட்டில் செங்குளம் என்றொரு ஊர். அங்கே அறுபது குடியானவர்கள் சேர்ந்து பொது விதைக்களஞ்சியம் வைத்திருந்தார்கள். அதை நிர்வகிக்க மாடத்தி என்பவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் வயல் வயலாக நடந்து, மண்ணைப் பிசைந்து பார்த்து, பள்ளத்து நிலத்துக்கு முதலிலும் மேட்டு நிலத்துக்குப் பிறகும் விதை கொடுப்பாள். பத்து வருஷம் ஒரு வயல்கூடத் தரிசு கிடக்கவில்லை.

அந்தப் பெருமை அரசவைக்கு எட்டியது. மந்திரி அம்பலவாணர்மேல் பொறாமை கொண்ட குமாரதத்தர் என்ற பிரபு, அவரைவிடப் பெரிய பெயர் வாங்க எண்ணி, அந்தக் களஞ்சியத்தைத் தன் பொறுப்பில் விடும்படி கேட்டார். ராஜா உற்சாகமாகத் தலையாட்டினான். இது தப்பு என்று மந்திரிக்குத் தெரியும். ஆனாலும் ராஜாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வாயை மூடிக்கொண்டார்.

குமாரதத்தர் ஊர்ப்பக்கமே போகவில்லை. ஆவணி முதல் நாள் தான் வந்து முத்திரையை உடைக்கும்வரை ஒரு மணி விதையும் வெளியே போகக்கூடாது என்று ஓலை அனுப்பினார். ஆடியிலேயே மழை கொட்டியது. கதவு திறந்தபோது பள்ளத்து வயலெல்லாம் தண்ணீருக்குள் இருந்தது. பாதி ஊர் தரிசாயிற்று.

குடியானவர்கள் சோம்பேறிகள் என்றார் குமாரதத்தர். இல்லை என்றார் மந்திரி. ஒரே நாளில் அதை நிரூபிக்க வேண்டும், முடியாவிட்டால் பதவியை விட வேண்டும் என்றான் ராஜா. மந்திரி சம்மதித்து, மறுநாள் அரண்மனை மடைப்பள்ளியைக் களஞ்சியத்தின் சட்டப்படியே குமாரதத்தர் நடத்தட்டும் என்றார். பிரபுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்தியில் தான் வந்து முத்திரையை உடைத்த பிறகே பரிமாற வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ராஜா வேட்டை முடிந்து உச்சிவேளையில் அகோரப் பசியோடு வந்தான். சோறு உள்ளே, பூட்டு வெளியே. அந்தியில் திறந்தபோது குழம்பு ஊசிப்போயிருந்தது.

"சமையல்காரர்களுக்கு என்ன கேடு வந்தது?" என்று சீறினான்.

"நேற்றைய சமையல்காரர்களேதான், அரசே. அரிசியும் அதேதான். நிர்வாகம்தான் மாறியது" என்றார் மந்திரி.

செங்குளத்தில் நடந்தது என்ன என்று ராஜாவுக்கு விளங்கிவிட்டது. உடனே குமாரதத்தரின் தலைப்பாகையைச் சபை நடுவே கழற்ற வைத்தான். மந்திரிக்கு முத்துமாலை போட்டான்.

அம்பலவாணர் தாமே செங்குளத்துக்குப் போய், களஞ்சியத்தை மறுபடி ஏற்கும்படி மாடத்தியைக் கேட்டார்.

"ஏத்துக்கலாம் சாமி. ஆனா பதினெட்டுக் குடும்பம் ஊரை விட்டுப் போயிருச்சு. மிச்சப் பேரு அவங்கவங்க வீட்டுல தனியா விதை கட்டி வச்சிருக்காங்க. இனி யாரு நம்பிக் கொண்டாந்து கொட்டுவாங்க?" என்றவள் சற்று நிறுத்தினாள். "அந்தப் பிரபுகிட்ட இதைக் குடுத்த அன்னிக்கு நீங்க சபையில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

மாடத்தி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது மந்திரிக்கு.