பன்னீர் யானைக்குப் பழைய உறுப்புகள்

வீண்செலவைத் தடுக்கும் சட்டம் நல்ல சட்டம். அதே சட்டம் வேலையையே தடுக்கத் தொடங்கினால், காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரனையே உள்ளே விடாமல் குரைப்பதற்கு ஒப்பாகும். செங்கழனி நாட்டில் அப்படித்தான் நடந்தது.

அந்நாட்டு மன்னர் உத்தமசேகரர் தம் மகளின் திருமணத்துக்கு ஓர் ஆசை வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றதும் ஒரு வெண்கல யானைக்குட்டி துதிக்கையைத் தூக்கி அவர்கள்மேல் பன்னீர் தெளிக்க வேண்டும்! பொறுப்பை அவைப்புலவர் கூத்தபிரானிடம் கொடுத்தார்.

"யானை பன்னீர் தெளித்தால் உமக்குப் பரிசு. தெளிக்காவிட்டால் உம்முடைய ஆசனத்தில் வேறொருவர் அமர்வார்" என்றார் மன்னர்.

அந்த 'வேறொருவர்' யார் என்பது கூத்தபிரானுக்குத் தெரியும். பண்டகசாலை அதிபர் வல்லபராயரின் மைத்துனர். அந்த ஆசனத்தைப் பார்க்கும்போதெல்லாம் மைத்துனருக்கு நாக்கில் நீர் ஊறும்.

வெண்கல உடல் பட்டறையில் வார்த்தாயிற்று. உள்ளே பொருத்தப் பற்சக்கரமும் இரும்பு அச்சும் சுருள்வில்லும், துதிக்கைக்குச் செப்புக்குழாயும் வேண்டும். கூத்தபிரான் பண்டகசாலைக்குப் போனார். நான்கும் அங்கே எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தன.

வல்லபராயர் இனிமையாகச் சிரித்தார். "தாராளமாகத் தருகிறேன். தேய்ந்த பழைய உறுப்பைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்ளும். சட்டம் அதுதானே?"

"ஐயா, இது புதிதாகச் செய்கிற யானை. இதற்குப் பழைய உறுப்பு எங்கிருந்து வரும்?"

"அது உம்முடைய கவலை, புலவரே. என் கவலை சட்டம்."

கூத்தபிரான் மன்னரிடம் ஓடினார். மன்னரோ கையை விரித்தார். "என் தந்தை போட்ட சட்டம். நானே மீறினால் நாட்டில் யார் மதிப்பார்? உம் சாமர்த்தியத்தைக் காட்டும்!"

மறுநாள் காலை, அவை கூடியதும், பட்டுத்துணி போர்த்திய யானையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூத்தபிரான் இழுத்து வந்தார். வல்லபராயரின் முகம் வெளுத்தது.

"மகாராஜா, யானை தயார்! தங்கள் திருக்கரத்தால் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும்" என்றார் புலவர்.

மன்னர் குழந்தைபோல் குதித்து இறங்கி வந்து சுழற்றினார். துதிக்கை மெல்ல எழுந்தது. அவை ஆரவாரித்தது. மன்னர் உற்சாகத்தில் இன்னும் வேகமாகச் சுழற்றினார். 'மடக்'கென்று ஏதோ முறிந்தது. 'நொறுக்'கென்று ஏதோ நொறுங்கியது. வெண்ணிறச் சில்லு ஒன்று பறந்து வந்து வல்லபராயரின் தலைப்பாகையில் செருகி நின்றது. துதிக்கை அறுந்து சேனாதிபதியின் மடியில் விழுந்தது.

சேனாதிபதி அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அரசே, இது புடலங்காய்!"

"ஆம்" என்றார் கூத்தபிரான் பணிவாக. "பற்சக்கரம் சேனைக்கிழங்கு. அச்சு கரும்பு. சுருள்வில் கைமுறுக்கு. அனைத்தும் இப்போது உடைந்த பழைய உறுப்புகள்!" ஒரு தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பொறுக்கி வைத்து வல்லபராயரிடம் நீட்டினார். "பழையது இதோ. புதியதைத் தாரும்."

"இது காய்கறி ஐயா! உறுப்பா இது?"

"பழையது எதனால் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?"

வல்லபராயர் குரலை உயர்த்தினார். "அரச காரியத்தில் உழைத்துத் தேய்ந்ததாக இருக்கவேண்டும் என்று சொல்கிறது!"

"மகாராஜாவே தம் கையால் சுழற்றியது அரச காரியம் இல்லையா? உரக்கச் சொல்லும், அவை கேட்கட்டும்."

மன்னர் மீசைக்குள் சிரிப்பை அடக்கினார்.

"சரி, தருகிறேன்" என்று முனகித் தாம்பாளத்தை வாங்கினார் வல்லபராயர். "இதைக் குப்பையில்..."

"குப்பையிலா?" கூத்தபிரான் காதைப் பொத்தினார். "வாங்கிய பழைய உறுப்பை ஆண்டுத் தணிக்கைவரை பழுதின்றிக் காப்பது அதிபரின் கடமை. குறைந்தால் பதவி போகும். அதுவும் சட்டந்தானே?"

"எறும்பு மொய்க்குமே! எலி தின்னுமே! கிழங்கு அழுகுமே!"

"எலிக்குச் சட்டத்தில் விலக்கு இல்லையே, ஐயா!"

தாம்பாளத்தோடு வல்லபராயர் மன்னர் காலில் விழுந்தார். "மகாராஜா! இந்தச் சட்டத்தை இன்றே திருத்துங்கள்!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் அவர் சொன்னது எல்லோரும் நெஞ்சில் வைக்கத் தக்கது. "என் தந்தை பொருள் வீணாகக் கூடாது என்று சட்டம் செய்தார். நாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அவர் எண்ணத்தை வீணாக்கினோம். இனிப் பழுது பார்க்க மட்டும் பழையதைக் கேளுங்கள். புதிதாகச் செய்கிறவனுக்கு மனமுவந்து கொடுங்கள்!"

திருமண நாளில் வெண்கல யானை சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் தொப்பலாக நனைத்தது என்பது வேறு கதை. சட்டத்தைத் திருத்திய அன்றே அவையில் மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். "ஆசனம் உமக்கே! இன்னும் என்ன வேண்டும்? கேளும்!"

கூத்தபிரான் தாம்பாளத்தை ஏக்கத்தோடு பார்த்தார்.

"அரசே, காலையில் சாப்பிடவில்லை. அந்தச் சுருள்வில் நமுத்துப் போவதற்குள் அதைப் பண்டகசாலையிலிருந்து விடுவித்தால் போதும்!"