வெற்றிலை அகலப் பொன்முனை

ஒரு கொல்லனுடைய வலது கட்டைவிரலின் விலை, மூன்று காட்டுப்பன்றிகள். முன்னொரு காலத்தில், பேர் மறந்துபோன ஒரு நாட்டில், மகாராஜா தம் வாயால் சொன்ன விலை அது. குறைத்துக் கேட்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

விஷயம் இதுதான். ராஜாவின் பிறந்தநாளுக்குப் பொக்கிஷதாரர் வீரபாகு ஓர் அம்புமுனை பரிசளித்தார். கெட்டித் தங்கம், வெற்றிலை அகலம். ராஜா அதை அம்பில் பூட்டச் சொல்லி வேட்டைக்குப் போனார். மூன்று பன்றிகளைக் குறிபார்த்தார். மூன்றும் சாவகாசமாகப் புதருக்குள் போயின. அம்போ, ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் இடப்பக்கம் ஒதுங்கி விழுந்தது.

"தங்கத்தில் குறையில்லை, மகாராஜா. பூட்டிய கைதான் கோணல்" என்றார் வீரபாகு.

பூட்டியவன் கொல்லன் செங்கோடன். அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"நாளைக்கு நான் எய்யும் மூன்று அம்பில் மூன்று பன்றி விழவேண்டும். இல்லையென்றால் உன் கட்டைவிரல் விழும்" என்றார் ராஜா.

"விரலை இப்பவே எடுத்துக்குங்க சாமி" என்றான் செங்கோடன். "பூட்டு கோணல்னு மட்டும் என் வாயால சொல்லமாட்டேன். இந்தக் கை பூட்டின முனை நூல் பிடிச்ச மாதிரி நிக்கும்."

விகடகவி தாண்டவனுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பிரபு, இவனுக்காக நான் வாதாடலாமா?"

"வாதாடு. ஆனால் பிறந்தநாள் பரிசைப் பழித்தால் ராஜதுரோகம். என் கையைப் பழித்தாலும் அதுவே."

"பழிப்பதா? பாராட்டத்தானே வந்தேன்!" தாண்டவன் வீரபாகுவின் பக்கம் திரும்பினான். "ஐயா, முனையில் கனமும் அகலமும் கூடினால் என்ன ஆகும்?"

"வேகமும் கூடும், குறியும் கூடும். தலைப்பக்கம் கனத்துவிட்டால் எதுவும் நேராகப் பாயும்!"

"எதுவுமா?"

"எதுவும்தானப்பா! இதைக்கூட உனக்குச் சொல்லித்தர வேண்டுமா?"

சபையில் அடித்துச் சொன்னதை, யாராவது கேட்டால், சொன்னவர் தன் உடம்பாலேயே மெய்ப்பித்துக் காட்டவேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். தாண்டவன் கேட்டுவிட்டான்.

மறுநாள் காலை வேட்டைத் திடலில் ஒரு தராசு நின்றது. பொன்முனை, அம்புத் தண்டின் எடையில் பாதி இருந்தது. அதே விகிதத்தில் வீரபாகுவின் எடையில் பாதிக்கு ஒரு நெல்மூட்டையை அவர் தலையில் ஏற்றினார்கள். அகலத்துக்காகக் காதோரம் இரண்டு முறங்களைக் கட்டினார்கள். செங்கோடன் வழக்கமாக அடிக்கும் இரும்புமுனை, தண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்குக்குத் தாண்டவன் ஒரு பூசணிக்காயைத் தலைப்பாகையோடு கட்டிக்கொண்டான். எண்பது அடி தூரத்தில் ஒரு வைக்கோல் பன்றி.

"பாயுங்கள் ஐயா! கனம் எல்லாம் உங்கள் பக்கம்தான்!"

தாண்டவன் ஓடிப்போய் வைக்கோல் பன்றியின் மூக்கைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வீரபாகுவுக்கு இருபதாவது அடியிலேயே கழுத்து மடிந்தது. முப்பதாவது அடியில் காற்று முறத்தைப் பிடித்துத் திருப்பியது. நாற்பதாவது அடியில், இடப்பக்கச் சேற்றில், மூட்டையோடு குப்புற விழுந்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்படித்தானய்யா என் அம்பும் போயிற்று! பாதி வழி! இடப்பக்கம்!"

"நான் எதையும் பழிக்கவில்லை, பிரபு" என்றான் தாண்டவன்.

ராஜாவுக்கு ஒரு யோசனை. "அப்படியானால் முனையே இல்லாமல் எய்தால் இன்னும் வேகம்தானே?"

"வேகமாப் போகும் சாமி, எங்க போகும்னுதான் தெரியாது" என்றான் செங்கோடன். "முன்னால அளவாக் கனம் இருந்தாத்தான் அம்பு வாலை ஆட்டாம போகும்." சுண்டுவிரல் பருமனுள்ள தன் இரும்புமுனை பூட்டிய அம்புகள் மூன்றை ராஜாவிடம் நீட்டினான்.

தப்பட்டை அடித்துப் பன்றிகளைக் கிளப்பினார்கள். ராஜா வில்லை வளைத்தார். முதல் அம்பு, முதல் பன்றி. இரண்டாவது அம்பு, இரண்டாவது பன்றி. மூன்றாவது அம்பு பன்றியின் முதுகுக்கு மேலே சீறிக்கொண்டு போய் மரத்தில் தைத்தது.

வீரபாகு சேற்றைத் துப்பிவிட்டு, "மூன்று என்பதுதானே பேச்சு! விரலை எடுங்கள்!" என்றார்.

தாண்டவனுக்கு வாயைத் திறக்க வழியில்லை. முனை நேராகத்தான் போனது என்றால் ராஜாவின் கையைப் பழித்ததாகும். செங்கோடன் யாரையும் கேட்கவில்லை. வலது கையைத் தானே நீட்டினான். அது நடுங்கவில்லை.

ராஜா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார்.

"நாண் விடும்போது ஆடியது இந்தக் கை. யாரும் சொல்லக்கூடாது என்றுதானே சட்டம் போட்டேன்? நான் சொல்லலாம்!"

நாண் இழுக்கப் போட்டிருந்த தம் மோதிரத்தைக் கழற்றிச் செங்கோடனின் கட்டைவிரலில் மாட்டினார். முத்துமாலை தாண்டவன் கழுத்துக்குப் போயிற்று. பிறகு வேட்டை எண்ணிக்கை எழுதுகிறவரைக் கூப்பிட்டார்.

"எழுதும் ஐயா. அம்பு மூன்று. விழுந்த பன்றி இரண்டு, செங்கோடன் முனையின் பேரில். தப்பிய பன்றி ஒன்று, மகாராஜாவின் பேரில். பாக்கி நிற்கட்டும்."