மிச்சம் மூன்று எண்

லிங்கத்துரையிடம் தொழில் கற்க வந்தவர்களில் அவரைவிட மூத்தவள் பிரேமகுமாரி ஒருத்திதான். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த தன் சென்டரை மூடிவிட்டு, அவருடைய லோக்கல் கேபிள் சேனலுக்கு வந்திருந்தாள். தொழில் அவருடையது என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்றாள். ஊரே டீச்சர் என்றதால் அவரும் அவளை டீச்சர் என்றார்.

ஊர் அறிவிப்புகளைக் கம்ப்யூட்டரில் தயாரிப்பது அவள் வேலை. கிராபிக்ஸ் கார்டிலிருந்து போகும் ஒரு வயர் அவற்றை வீட்டு டிவிகளுக்குக் கொண்டுபோகும். மானிட்டருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி அதே வயரில் ஒரு பழைய டிவியும் மாட்டி வைத்திருந்தார். அதில் படம் மங்கல், எழுத்து நடுக்கம். வந்த மாதமே அவள் அதைக் கழற்றிப் பரணில் ஏற்றினாள். கார்டோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டி, மானிட்டரில் படத்தைக் கண்ணாடிபோல் ஆக்கினாள்.

அந்த வாரம் காற்றில் வயர்கள் அறுந்து, அண்ணாச்சி கம்பம் கம்பமாக ஏறிக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை பேச்சித்தாய் வந்தாள். நினைவு தப்பிய அவள் அப்பா காணாமல் போய் நான்கு நாள்.

"மூணு நாளா அறிவிப்பு ஓடுது. ஒரு போன் வரல. என்ன எழவைப் போட்டீக?"

பிரேமகுமாரிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மானிட்டரைத் திருப்பினாள். கிழவரின் முகம். நீலத்தின்மேல் மெல்லிய சிவப்பு எழுத்து. கீழே வலது ஓரத்தில் போன் எண்.

"கண்ணு இருக்குல்ல? படி."

"எங்க வீட்டு டிவிப் பெட்டியில இது இல்ல."

"அப்ப பெட்டியை மாத்து."

வாசலில் அண்ணாச்சி நின்றிருந்தார். கையில் கட்டிங் பிளேயர்.

"டீச்சர், எதிர்த்த சலூன் டிவியில அந்த நம்பரைப் பார்த்து எழுதிட்டு வாங்க."

"நான்தானே அடிச்சேன். மனப்பாடமாத் தெரியும்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பார்த்து எழுதுங்க."

மேசையிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சலூன் டிவியில் சிவப்பு நீலத்துக்குள் கசிந்து, கொசுபோல் துடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு நம்பர் தெரியுது டீச்சர்" என்றான் சவரம் செய்தவன். "மிச்சம் மூணும் பெட்டிக்குள்ள குடியிருக்கு."

நுரை பூசிய முகத்தோடு ஒருவர் சிரித்தார்.

திரும்பி வந்து தாளை மேசையில் வீசினாள். "டிவி பழசு. நாம அனுப்புறது சுத்தமாத்தான் போகுது. வேணும்னா நல்ல கார்டு ஒண்ணு வாங்குங்க."

"ஊர்ல எத்தனை பேர் வீட்டுல புது டிவி இருக்கு?"

அண்ணாச்சி பரணிலிருந்து அந்த டிவியை இறக்கினார். தூசியைக்கூடத் தட்டவில்லை. வயரை வெடுக்கென்று இழுத்து மாட்டினார். அவர் கோபப்பட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்து டிவிக்கு எதிரே போட்டார்.

"தாயி, நீ உக்காரு. தெரியுதா இல்லையான்னு நீ சொல்லு. டீச்சர் மாத்துவாங்க."

பிரேமகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுத்தைத் தடிமனாக்கினாள்.

"நடுங்குது" என்றாள் பேச்சித்தாய்.

கூர்மையைக் குறைத்தாள்.

"சேப்பு அப்புது."

சிவப்பு போய் வெள்ளை வந்தது.

"நம்பர் பாதிதான் இருக்கு."

நாலு பக்கமும் உள்ளே இழுத்தாள். மானிட்டரில் அது கல்யாண வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டியதுபோல் இருந்தது.

"அசிங்கமா இருக்கு" என்று முகம் சுளித்தாள் பிரேமகுமாரி.

"நம்பர் தெரியுது" என்றாள் பேச்சித்தாய்.

அரை மணி நேரத்தில் பேச்சித்தாய் கையிலிருந்த போன் அடித்தது. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவள். அறை முழுக்கக் கேட்டது அவள் குரல்.

"முந்தாநாள்லேருந்து இங்கதான் கிடக்காரு. உசுரு இருக்கு, சோறுதான் இறங்கல. ஏழு நம்பரை வச்சு நான் யாரைக் கூப்பிட?"

பேச்சித்தாய் எழுந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. வாசலில் நின்று பிரேமகுமாரியைப் பார்த்தாள்.

"முந்தாநாளே கூட்டியாந்திருப்பேன்."

அவள் போய்விட்டாள். பிரேமகுமாரிக்கு இன்னும் கொதித்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"ஆனாலும் அண்ணாச்சி, படம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு டீச்சர். நீங்க உக்காந்திருந்த எடத்துல."